அவள் ஹவ் சொன்ன கல்

கல்லைக் கண்ணால் வாங்கக் கூடாது, காதால் வாங்க வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நல்ல கல் மணி போல ஒலிக்கும். உள்ளே வெடிப்பு ஓடும் கல் உடைந்த சட்டி மாதிரி 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. எவ்வளவு பெரிய சிற்பியாக இருந்தாலும் அந்த ஒரு தட்டில்தான் பிழைப்பு இருக்கிறது. நான் ஹைதராபாத்தில் கல்லிலும் இரும்பிலும் மரத்திலும் சிலை செய்து பிழைத்த காலத்தில் பாதிக்கு மேல் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. கேட்டது என் மனைவிக்கு.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தொண்ணூற்றெட்டில் அவளுக்கு ஹைதராபாத் ஓரத்தில் ராமச்சந்திராபுரத்துக் கனரகத் தொழிற்சாலைக்கு மாற்றல் வந்தது. அவள் பின்னால் நானும் மூட்டை கட்டினேன். பெண்டாட்டி சம்பளத்தில் சிலை செதுக்கப் போகிறான் என்று ஊரில் பேசிச் சிரித்தார்கள். பேசினதில் பொய் ஒன்றும் இல்லை. லாரியில் ஏறிய சாமான்களில் கட்டில், பீரோவைவிட என் கற்களும் மரக்கட்டைகளும்தான் அதிகம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கிய அன்றே பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்ன மேடம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு பொஸ்தகங்க ஸார். கொஞ்சம் கனமான படிப்பு" என்றாள் அவள்.

தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வார்த்து வரும் இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலை அனுப்பும் ஒரு மெஷினை வைத்துத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். "இரும்பு பொய் சொன்னா மெஷின் காட்டிக் குடுத்துரும். மனுசன் பொய் சொன்னாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது" என்பாள். அந்த மெஷினை ஒரு நாள் கடன் வாங்கி வாயேன், என் கற்களைப் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். கல்லுக்குள் அது எடுபடாது, அலை சிதறிவிடும் என்றாள். படித்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

குவார்ட்டர்ஸில் உளிச் சத்தம் பொறுக்க முடியவில்லை என்று புகார் போனது. டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே, லாரிகள் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதத்தில் அதற்குக் கீழே அப்பளம் வைத்தால் பொரியும்.

அந்த வருஷங்களில் நகரத்தின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்டடத்துக்குக் கட்டடம் ஒரு வரவேற்புக் கூடம், கூடத்துக்குக் கூடம் ஒரு சிலை. எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வருகிற கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் உலக உருண்டைதான் வேண்டும். இரண்டு கைகள் உருண்டையைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் உருண்டையிலிருந்து ஒரு பறவை கிளம்ப வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நான் செய்த உலகங்களை ஒரு மைதானத்தில் கொட்டினால் பிள்ளைகள் கோலி விளையாடலாம். "நீங்க செஞ்ச உலகத்துல எதுலயாவது திருநெல்வேலி இருக்கா?" என்று கேட்டாள் ஒரு நாள். அடுத்த உருண்டையில் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தேன். பேகம்பேட்டில் ஏதோ ஓர் அலுவலக வாசலில் எங்கள் ஊர் இன்னும் இருக்கும்.

மரத்துக்கும் குறைவில்லை. சாலையை அகலமாக்க வேம்பையும் தூங்குமூஞ்சி மரத்தையும் வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த அடிமரங்களைக் கொண்டுவந்து என் ஆசைக்குச் செதுக்குவேன். மரம் சாது. வெடிப்பு இருந்தால் மேலேயே காட்டிவிடும். இரும்பு உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். கல் ஒன்றுதான் உள்ளே எதை வைத்திருக்கிறது என்று கடைசிவரை சொல்லாது, உடைந்தால் ஒட்டவும் ஒட்டாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. புத்தி அப்படி.

என் காதைத் தின்றது கிரைண்டர். கல்லை அறுக்கவும் இரும்பைத் தேய்க்கவும் நாள் முழுக்க அதுதான் கையில். காதில் பஞ்சு வையுங்கள் என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. பஞ்சு வைத்தால் கல் பேசுவது கேட்காது என்று பெரிய ஞானி மாதிரி பதில் சொல்வேன். பஞ்சு வைக்காமலே கேட்காமல் போனது. முதலில் குக்கர் விசில் போயிற்று. அப்புறம் காலிங் பெல். அப்புறம் என் மகளின் குரல். அவள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, கீச்சுக் குரல். தமிழில் கேட்டால் தெலுங்கில் பாதியும் இந்தியில் பாதியுமாகப் பதில் சொல்வாள். அதனால்தான் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கல் உண்மையைச் சொன்னது. தாயும் குழந்தையுமாக ஒரு பெரிய சிலை. கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், நல்ல சத்தம் என்றுதான் பட்டது. தாயின் கழுத்துக்கு வந்தபோது அது இரண்டாகப் பிளந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். சுத்தியலைத் தூக்கி எறிந்தேன், அது கூரையைப் பொத்துக்கொண்டு போயிற்று. அந்த ஓட்டையை நான் அடைக்கவே இல்லை. மழைக்காலத்தில் அதன் கீழே ஒரு வாளி வைத்துக்கொள்வேன்.

அவள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஷெட்டுக்கு வந்தாள். உடைந்த கல்லைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். மூலையில் வேறு இரண்டு கற்கள் கிடந்தன. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினாள்.

"ஏங்க, இது மணி மாரி கேக்கு. இது செத்த கல்லு மாரி கெடக்கு. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவா கேக்கு?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கை போன தச்சனும் காது போன கல் சிற்பியும் ஒன்றுதான் என்று என்னென்னமோ புலம்பினேன். அவள் கொஞ்ச நேரம் புலம்ப விட்டுவிட்டு, "ஏங்காது சும்மாதான தொங்குது. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்து, மெல்லிய கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, கனத்த சத்தங்கள் மிச்சம் இருக்கின்றன என்றார். காதில் மெஷின் மாட்டினார். அதனால் மனிதர் பேச்சு ஓரளவு தேறியது. கல்லின் சத்தம் வெறும் கரகரப்பாக வந்தது. வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. என்னிடம் பேச வேண்டும் என்றால் முதலில் தோளைத் தொட வேண்டும். நான் திரும்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். நான் பாதியைக் காதால் கேட்டு மீதியை வாயசைவில் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் மேற்கே போவோம். புதுக் கட்டடங்களுக்காக அங்கே பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். யானை யானையாகக் கற்கள் கிடக்கும். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து நிற்பாள். நான் தட்டுவேன். நல்ல கல் என்றால் "ஹவ்" என்பாள். கூடாது என்றால் "நக்கோ". ஆமாம், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சொற்கள். கம்பெனி பஸ்ஸில் கூட வரும் பெண்களிடம் பொறுக்கியது. வீட்டில் மற்ற நேரமெல்லாம் அசல் திருநெல்வேலிப் பேச்சுத்தான், கல்லுக்கு மட்டும் ஹைதராபாத். ஏன் என்று கேட்டால், "இந்த ஊருக் கல்லுக்கு நம்ம பேச்சு வெளங்குமா?" என்பாள்.

எனக்கு ஆசையாகப் பட்ட கல்லை அவள் நக்கோ சொன்னால் வழியெல்லாம் சண்டைதான். ஒரு தடவை அவள் பேச்சை மீறி ஒரு கல்லை எடுத்துவந்து ஷெட்டில் வைத்து உடைத்தே பார்த்தேன். உள்ளே மூலைக்கு மூலை வெடிப்பு, சிலந்தி வலை மாதிரி. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "திருப்திதானா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் ஹவ் சொன்ன கல் ஒன்றுகூட உடைந்ததில்லை.

என் பேர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிய ஆரம்பித்தது. ஒரு பத்திரிகையிலிருந்து வந்த பெண், நீங்கள் கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டாள். கல்லோடு பேச வேண்டும், கல்லை உணர வேண்டும் என்று நான் பாட்டுக்கு அளந்தேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். வெளியான போட்டோவில் ஓரத்தில் அவள் கை மட்டும் டம்ளரோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவள்தான் முதலில் சிரித்தாள். "கையப் போட்டதுக்குப் பதிலா காதப் போட்டிருக்கலாம்" என்றாள். அவளுக்கு வருத்தமே இல்லை. எனக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இவளிடம் ஒரு நாள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தோசை நன்றாக இருக்கிறது என்று சொல்லவே வாய் வராது. இதை நான் எங்கிருந்து தொடங்குவேன்?

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். புதிதாகக் கட்டும் வளாகத்தின் முற்றத்துக்கு ஒரு கற்சிலை வேண்டும், உலக உருண்டை மட்டும் வேண்டாம், மற்றது உங்கள் இஷ்டம் என்றார். அவரைக் கட்டிப் பிடிக்காத குறை. என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பெண், ஆளுயரத்துக்கு மேலே. என் மனைவியிடம் சொல்லவில்லை. செய்து முன்னால் நிறுத்திவிட்டால் வாய் திறக்க வேண்டிய வேலையும் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

அதே வருஷம் அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். புற்று.

பேகம்பேட் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்து ஏற்ற முடிவானது. தொடங்கும் முன்பு டாக்டர் அவளுக்கு நெடுநேரம் எதையோ விளக்கினார். மெல்லப் பேசுகிறவர், முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். என் மனைவி தோளைத் தொட்டு, என் முகத்துக்கு நேரே, "நெறையத் தண்ணி குடிக்கச் சொன்னாரு" என்றாள்.

அவள் நிறையத் தண்ணீர் குடித்தாள். முடி கொட்டியது. சாப்பாடு தங்கவில்லை. உள்ளங்கால் இரண்டும் தீயாக எரிகிறது என்றாள். அந்த மாதங்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது அவளுக்கு. நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண் எடுக்கவே மாட்டாள். "என்னளா, புதுசாப் பாக்க?" என்று கேட்டேன்.

"இத்தன வருசம் கல்லத்தான பாத்தேன். உங்கள எங்க பாத்தேன்?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த வயதில், இந்த நோயில், ஒருத்தி என்னை இப்படிப் பார்க்கிறாளே என்று இருந்தது.

முற்றத்துச் சிலைக்குக் கல் எடுக்கவில்லை. அவள் உடம்பு தேறட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் விடவில்லை. இரண்டு மருந்துக்கு நடுவில் கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, கெளம்புங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள். மகள் காரில் கூட்டிக்கொண்டு போனாள். நகரத்தைத் தாண்டி, பாறை உடைக்கும் ஓரிடம். காரை விட்டு இறங்கும்போதே ஒரு கல் என் கண்ணில் பட்டுவிட்டது. வெளிறிய ரோஜா நிறம், ஆள் நிற்கிற மாதிரியே நின்றது. அதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் முறைப்படி வேறு இரண்டு கற்களிலிருந்து ஆரம்பித்தேன்.

தலையில் துணி சுற்றிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் எனக்கு எதிரே நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஏன் என்று கேட்டேன். கண்ணை மூடினால் தலை சுற்றுகிறது என்றாள். முதல் கல்லைத் தட்டினேன், "நக்கோ" என்றாள். இரண்டாவதுக்கும் நக்கோ. ரோஜாக் கல்லுக்கு வந்தேன். தட்டிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள்.

"ஹவ்" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். அம்மாவை அந்த வெயிலில் அப்படிப் பார்க்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்தேன்.

கல் ஷெட்டுக்கு வந்தது. மருந்து கேட்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஷெட்டைப் பூட்டிவிட்டு அவள் கட்டில் பக்கத்திலேயே கிடந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அவள் பாதங்களில் தேங்காய் எண்ணெய் தடவி நீவி விடுவது. ஒரு மத்தியானம் அப்படிக் கால்மாட்டில் உட்கார்ந்து நீவிக்கொண்டிருந்தபோது, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது என்று தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏளா, நான் செஞ்சது ஒண்ணும் நான் செஞ்சதில்ல. எல்லாம் ஒன் காது செஞ்சது. நீ இல்லன்னா நான் எப்பமோ உளியத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்குப் போயிருப்பேன். எனக்கு வந்த பேரு பூரா ஒனக்குள்ளது. இத நான் ஒரு நாளும் சொன்னதில்ல. இப்பம் சொல்லுதேன்."

பிறகு மேலே இருந்து அவள் குரல் வந்தது.

"ஹவ்."

நல்ல கல்லுக்குச் சொல்லும் அதே சொல். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நான் அழுவது அவளுக்குத் தெரிந்துவிடும். நீவிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அந்த வாரமே போய்விட்டாள்.

அந்த ஒரு ஹவ்வைப் பிடித்துக்கொண்டுதான் அப்புறம் நான் உயிரோடு இருந்தேன். ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள். என் மனசு ஒரு விஷயத்தில் தேறித்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவளும் கேட்டுக்கொண்டு போனாள். எத்தனை பேருக்கு இது வாய்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மகள் கல்யாணமாகி நகரத்தின் வடக்கே அல்வாலில் குடியிருந்தாள், ஞாயிறுதோறும் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். அந்தக் கம்பெனியின் கட்டடமும் நல்ல வேளையாக இழுத்துக்கொண்டே போனது. ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு அந்தக் கல்லைத் தொடத் தெம்பு வந்தது.

மெல்லச் செய்தேன். அவசரமே படவில்லை. சேலை மடிப்பு வந்தது, தலையில் சுற்றிய தலைப்பு வந்தது, சாய்ந்த கழுத்து வந்தது. மூடிய இமைகள் வந்த அன்று அவளோடு உட்கார்ந்து டீ குடித்தேன். காதுகளைக் கடைசியாக வைத்திருந்தேன். வலது காது முடிந்தது. இடது காதுக்கு வந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சின்ன உளி, மெல்லிய தட்டு, காதின் வளைவைத் தொடங்கும் வேலை. உளி வைத்த இடத்திலிருந்து தோள் வரைக்கும் ஒரு கோடு ஓடியது. கையில் எதுவோ விட்டுப் போனது தெரிந்தது. தலை அப்படியே சரிந்து என் தோளை உரசிக்கொண்டு தரைக்குப் போனது. முகம் மேல் பக்கமாகக் கிடந்தது.

சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் வந்து நின்ற மகள் அதைக் கண்ணால் பார்த்தாள்.

நான் கத்தினேன். "அவ ஹவ் சொன்ன கல்லுல்லா இது! அவ காது தப்பாது! ஒரு நாளும் தப்புனதில்ல!" எதிரே யாரோ நின்று மறுத்துப் பேசுகிற மாதிரி திரும்பத் திரும்ப அதையே கத்தினேன்.

மகள் கூடையை வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மனசு கலங்கினால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். "அம்மகி வினபடலேது" என்றாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சை இழுத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"அம்மாக்குக் காது கேக்கல அப்பா. இந்த மருந்து காதைப் பாதிக்கும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே போயிடுச்சு. சத்தம் வரும், என்ன பேச்சுன்னு புரியாது. மூஞ்சியப் பாத்தாத்தான் புரியும்."

"அப்பம் கல்லு?"

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாங்க. 'ஒங்கப்பாவுக்குக் காதுதான் போச்சு, தட்டும்போது நல்ல கல்லான்னு கைக்குத் தெரியும், அது மூஞ்சில வந்துரும், நான் அதப் பாத்துச் சொல்லிக்கிடுதேன்'னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க கல்லையே தொட மாட்டீங்கன்னு என்கிட்ட ப்ராமிஸ் வாங்கிட்டாங்க."

அந்த ரோஜாக் கல்லைத் தட்டுவதற்கு முன்பே என் முகம் ஹவ் சொல்லியிருக்கும். காரை விட்டு இறங்கும்போதே சொல்லியிருக்கும். அவள் அதைப் பார்த்து எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவள் தப்பாகக் கேட்கவில்லை, என் ஆசையைச் சரியாகப் படித்துவிட்டாள். ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். காது கேளாதவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாதா? அதே பார்வையை நான் ஆசை என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

முதலில் மகள் மேல் கோபம் வந்தது. பிறகு போனவள் மேல் வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. கல் போனதற்காக நான் அழவும் இல்லை. அந்தக் கம்பெனிக்குப் பிற்பாடு ஸ்டீலில் ஓர் உலக உருண்டை செய்து கொடுத்தேன், வேண்டாம் என்றவர்களே அதை மெச்சி வாங்கிக்கொண்டார்கள். அன்று ஷெட்டில் எனக்கு உறைத்தது வேறொன்று. முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும் என்றால், நான் குனிந்துகொண்டு பேசியது?

கேட்க வேண்டாம் என்று இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"கடைசி வாரத்துல ஒரு மத்தியானம், நான் கால்ல எண்ண தேச்சிக்கிட்டு இருந்தேம்லா. அம்மா ஹவ்னு சொன்னா. நீ அங்க இருந்தியா?"

மகளுக்கு நினைவிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "நீங்க எந்திரிச்சுப் போனதும் நான் கஞ்சி கொண்டு வந்தேன்" என்றாள். பிறகு அம்மா சொன்னதை அம்மா பேச்சிலேயே சொன்னாள். "'ஒங்கப்பா குனிஞ்சிக்கிட்டு என்னமோ கேட்டாரு. எரிச்சல் கொறஞ்சிருக்கான்னு கேட்டிருப்பாரு. ஹவ்னு சொல்லி வச்சேன், பாவம் மனுசன்.' இதுதான் சொன்னாங்க அப்பா."

"கொறஞ்சிருந்துச்சா?"

"இல்ல அப்பா."

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. மகள் என் தோளைத் தொட்டாள். நான் அவளைப் பார்க்கும்வரை காத்திருந்து, "நீங்க என்ன சொன்னீங்க அப்பா?" என்று கேட்டாள்.

சொன்னேன். தலையை நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து, ஒரு சொல் விடாமல் முதலிலிருந்து சொன்னேன். மகள் கண் எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒரு தடவை சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போய், தரையில் கிடந்த அவள் அம்மாவின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் துப்பட்டாவால் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள், வலது காதைத் துடைத்தாள். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கல்தான் இருந்தது.